அகக்காழும் தோட்டப் பாதையும்

வீட்டுத் தோட்டங்களில் மரத்தாலான நடைபாதைகள் பெருகிவருகின்றன. வரவேற்கத்தக்கதே. ஆனால் எந்த மரம், அதில் எந்தப் பகுதி என்று கேட்பவர் அரிது. கடையில் அடுக்கியிருக்கும் வட்டத் துண்டுகளை வாங்கி மண்ணில் பதித்துவிடுகிறோம். சில மழைக்காலங்களுக்குள் அவை பிளந்து, பூஞ்சை பூத்து, கரையானுக்கு இரையாகின்றன. உடனே மரமே உதவாது என்று தீர்ப்பளித்துச் சிமெண்டுக்குத் திரும்பிவிடுகிறோம். இத்தீர்ப்பு நியாயமன்று.

உள்ளே வயிரம் கொண்டதை மரம் என்றும், புறத்தே வயிரம் கொண்டதைப் புல் என்றும் பிரிக்கிறது தொல்காப்பிய மரபியல். வகுப்பறையில் நமக்கு அது மதிப்பெண்ணுக்குரிய நூற்பா. தச்சருக்கோ தொழிலின் அரிச்சுவடி. தேக்கிலும் வேம்பிலும் கருவேலிலும் நடுவே நிறம் கூடியிருப்பதே வயிரம். அதைச் சூழ்ந்த வெளிறிய பகுதி, மரம் உயிரோடிருக்கையில் நீரைக் கடத்துவது; மாவுச்சத்துச் சேர்ந்திருப்பது; ஆகவே வண்டுக்கும் பூஞ்சைக்கும் விருந்து. வயிரமின்மையைக் குறிக்கும் வெளிறு என்ற சொல்லையே வள்ளுவர் அறியாமைக்கும் ஆள்கிறார். வெளிறு மிகுந்த இளமரத்தை ஈரமண்ணில் பதிப்பவருக்கு இவ்விரு பொருளும் பொருந்தும்.

வட்டத் துண்டில் இன்னொரு கேடும் உண்டு. குறுக்கே அறுத்த மரத்தில் நீர்க்குழல்களின் வாய் வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கும். மழைநீர் நேரே உள்ளிறங்கும். காயும்போது சுற்றளவின் வழியே சுருக்கம் மிகுவதால் நடுவிலிருந்து விளிம்புவரை வெடிக்கும். நெடுக்கு வாட்டில் அறுத்த சட்டமே பாதைக்கு ஏற்றது.

பனை நேர்மாறு: புறம் கருத்து இறுகியது, அகம் வெறும் சோறு. முற்றிய பனையைப் பிளந்து, சோற்றைச் செதுக்கி எறிந்துவிட்டால் எஞ்சும் சட்டம் நெடுங்காலம் உழைக்கும். இதற்காகப் பனையை வெட்டச் சொல்லவில்லை. வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் எனத் தமிழக அரசு 2021-இல் அறிவித்தது. ஓட்டு வீடுகளை இடிக்கும் இடங்களில் பனங்கைமரங்கள் விறகாகப் போகின்றன. அவற்றைக் கேட்டு வாங்கலாம். தலைமுறைக் கணக்கில் காய்ந்த மரத்தைப் புதிதாகப் பதப்படுத்தவும் வேண்டியதில்லை.

புது மரமாயின் பொறுமை வேண்டும். குளத்தில் ஊறப்போட்டு, பின் நிழலில் இடைவெளிவிட்டு அடுக்கிக் காயவைப்பது பழைய முறை. ஓர் அங்குலக் கனத்துக்கு ஏறத்தாழ ஓராண்டு என்பது பொதுக்கணக்கு. கடற்கரையில் படகுகளுக்குப் பூசும் முந்திரிக்கொட்டை எண்ணெயைப் பூசலாம்; கையில் பட்டால் புண்ணாகும், எச்சரிக்கை தேவை. மண்ணில் நேரே வைக்காமல் சரளைப் படுகைமேல் வைத்தால் நீர் தேங்காது. எண்ணெயைவிட இதுவே முக்கியம்.

நாம் உறுதியாக எதிர்ப்பது பழைய ரயில் ஸ்லீப்பர் கட்டைகளை. அழகாயிருக்கின்றன என்று தேடி வாங்குகிறார்கள். அவற்றுள் பல, நிலக்கரித் தாரிலிருந்து வடிக்கும் கிரியோசோட்டில் ஊறியவை. புற்றுநோய்க்கு ஏதுவாகும் பொருள்கள் அதில் உள்ளன. தோல் அடிக்கடி படக்கூடிய தோட்டங்களிலும் பூங்காக்களிலும் அத்தகைய கட்டைகளைப் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2003-இலேயே தடைவிதித்தது. நம் பிள்ளைகளோ தோட்டத்தில் வெறுங்காலோடு திரிபவர்கள். வெயிலேறும்போது கட்டையில் தார் நெடி வீசினாலோ, கறுப்பாகக் கசிந்தாலோ, இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். அதை அடுப்பிலும் எரிக்கக்கூடாது.