தொகையும் விரியும்

பொற்குடம் என்னும் தொகையைப் பொன்னாலாகிய குடம் என விரித்துப் பொருள் காணுமாறு மாணவர்க்குக் கற்பிக்கின்றோம். பன்வில மலைச்சாரலின் பீலிக்கரைகளில் இன்று வரிசையாக நிற்பனவோ பிளாஸ்டிக் குடங்கள். இத்தொகையை எங்ஙனம் விரிப்பது? பிளாஸ்டிக்கால் ஆகிய குடம் என்பது போதுமா?

இத்தகைய குடங்களுக்கு மூலம், பிறநாடுகளிலிருந்து கப்பலேறி வரும் பருப்பளவான பிளாஸ்டிக் மணிகள். வெயிலால் வெளிறாமலும் வெப்பத்தாற் சிதையாமலும் இருத்தற்பொருட்டுப் பிளாஸ்டிக்கிலே வேறு இரசாயனங்கள் பல கூட்டப்படுகின்றன. இச்சேர்மானங்கள் பெரும்பாலும் தாய்ப்பொருளோடு இறுகப் பிணைந்தன அல்ல. நாளடைவிற் கசிந்து வெளிப்படுவன.

இம்மணிகளின் தீங்கை நம் நாடு 2021ஆம் ஆண்டிற் கண்டது. அவ்வாண்டு மே மாதம், கொழும்புத் துறைமுகத்திற்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்னும் சரக்குக் கப்பல் தீப்பற்றியது. ஏறத்தாழ 1,680 தொன் மணிகள் கடலிற் கலந்து, மேற்குக் கரையெங்கும் ஒதுங்கின. எரிந்த பிளாஸ்டிக்கை ஆராய்ந்த அறிஞர், எரியாத மணிகளினும் அஃது ஏறத்தாழ மும்மடங்கு சிக்கலான இரசாயனக் கலவை எனக் கண்டனர். அக்கப்பலிலிருந்த நைத்திரிக் அமிலம் சர்வதேச விதிப்படி ஆபத்தான சரக்கு. மணிகளோ அவ்வகையிற் சேர்க்கப்பட்டில. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2024இல் வெளியிட்ட பரிந்துரைகளும் கட்டாயமானவை அல்ல.

பிளாஸ்டிக்கோடு தொடர்புடைய இரசாயனங்கள் 13,000க்கு மேற்பட்டன என்றும், அவற்றுள் 3,200க்கு மேற்பட்டவை கவலைக்குரிய பண்புடையன என்றும் ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம் 2023இல் அறிவித்தது. அதே ஆண்டு, வெயில் தாங்குதற்குச் சேர்க்கப்படும் யூவி-328 என்னும் பொருளை ஒழிக்க ஸ்ரொக்கோம் உடன்படிக்கை நாடுகள் தீர்மானித்தன. இங்ஙனம் ஒவ்வொன்றாகத் தடுக்கப் புகின் எத்துணைக் காலம் செல்லும்! பிளாஸ்டிக் உடன்படிக்கை காண 2025 ஆகஸ்டில் ஜெனீவாவிற் கூடிய நாடுகளோ உடன்பாடின்றிக் கலைந்தன.

கப்பற் கேட்டிற்காக நூறு கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்துமாறு நம் உயர் நீதிமன்றம் 2025 ஜூலையிற் பணித்தது. தக்க தீர்ப்பே. ஆயினும், இழப்பீடு கேட்டின் பின் வருவது. சரக்குப் பட்டியலோ முன் வருவது. ஏற்றுமதி செய்வோர் சேர்மானம் ஒவ்வொன்றையும் பெயர்சுட்டி அப்பட்டியலிற் கூறுதல் வேண்டும். அது வணிக இரகசியம் எனின், அவ்விரகசியத்தின் விலையை வலையிழந்த மீனவனும் குடஞ்சுமக்கும் தாயும் ஏன் கொடுத்தல் வேண்டும்?

தொகையை விரித்தாலன்றிப் பொருள் தெளியாது என்பது வகுப்பறைப் பாடம். அதனை அரசினர்க்கும் வணிகர்க்கும் எடுத்துரைப்போமாக.