பொம்மைத் தொடர்வண்டியைப் பேணுவோம்

மின்கலத்தால் ஓடும் பொம்மைத் தொடர்வண்டி நின்றுவிட்டால், புதியது வாங்கலாம் என்பர் சிலர். அஃது ஏற்புடையதன்று. பல வேளைகளில் வண்டியை நிறுத்தியது அழுக்கே. சக்கர அச்சில் சுற்றிய தலைமுடி சுழற்சியைத் தடுக்கும். அதனை இடுக்கியால் அகற்றுக. மின்கலம் கசிந்தால், உலோகத் தகட்டில் உப்புப் படிந்து மின்னோட்டம் தடைப்படும். அக்கசிவு தோலை அரிக்குமாதலால், பெரியோரே கையுறை அணிந்து அதனைத் துடைத்தல் வேண்டும். வண்டியை நீரில் கழுவலாகாது. பழைய மின்கலத்துடன் புதியதைச் சேர்த்து இடலாகாது. நெடுநாள் விளையாடாதபோது மின்கலங்களைக் கழற்றி வைத்தல் நன்று.

தில்லியிலிருந்து சென்னைக்கு 2,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் தமிழ்நாடு விரைவு வண்டியும், தூய்மை செய்யப்பட்ட பின்னரே மீண்டும் புறப்படுகிறது. நம் சிறுவண்டிக்கும் அப்பராமரிப்பு வேண்டுமன்றோ?