விசைப்படகும் சுழல்விசிறியும்

“இயந்திரம் பெரிதாயின் விசிறியும் பெரிதாகுக” என்பர் சிலர். இக்கூற்றுப் பொருந்தாதென்பதே எளியேன் துணிபு.

1837-ஆம் ஆண்டில், இங்கிலாந்தில், பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் என்பாரது சிறு படகின் இருசுற்று மரத்திருகு நீரிலே பாதி முறிந்தது. படகோ முன்னினும் விரைந்து சென்றது! மிகுதி நன்றன்று, பொருத்தமே நன்று என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

விசிறிக்கு முதன்மையான அளவுகள் இரண்டு. ஒன்று விட்டம், மற்றொன்று, வழுக்கலின்றேல் ஒரு சுழற்சியில் அது முன்னேறுந் தூரமாகிய புரியிடை. புரியிடை மிகுமாயின் டீசல் இயந்திரம் தன் முழுச் சுழற்சியை எட்டாது திணறிக் கரும்புகை கக்கும். குறையுமாயின் இயந்திரம் எளிதிற் சுழன்றும் படகு விரையாது. பாரஞ் சுமந்து மெல்லச் செல்லும் படகிற்கு, பற்சக்கரங்களாற் சுழற்சி குறைத்த தண்டில் மாட்டிய அகன்ற விசிறியே தகும்.

ஆதலின் படகுடையீர்! வழக்கமான பாரத்தை ஏற்றி முழுவிசையில் ஓட்டிப் பாருங்கள். இயந்திரஞ் செய்தோர் குறித்த சுழற்சியை அஃது எட்டுகின்றதா? எட்டாதேல் விசிறியை மாற்றுமின். நாடோறுந் திணறும் இயந்திரம் எண்ணெயை வீணாக்கித் தானும் தேயும். காற்றுச் சீறும் நாளில் நும்மைக் கரைசேர்க்க வேண்டுவதும் அவ்வியந்திரமே யன்றோ?