ஸ்டாண்ட்-அப் காமெடி மாலில் பிறந்ததாம்!

போன வாரம் கேன்டீனில் உட்கார்ந்திருந்தபோது எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்திருக்கும் கோயம்புத்தூர்ப் பையன் ஒரு தகவலை எடுத்துவிட்டான். "ஸ்டாண்ட்-அப் காமெடியெல்லாம் இந்தியாவுக்கு 2010ல தாங்ணா வந்துச்சு. இதே மும்பைல, லோயர் பரேல்ல காமெடி ஸ்டோர் திறந்தாங்கல்ல, அதுதான் ஆரம்பம்."

"அப்ப ஜானி லீவர்?"

"அவரு மிமிக்ரிங்ணா. இது வேற, அது வேற."

சொல்லிவிட்டுத் தயிர்சாதத்துக்குத் திரும்பிவிட்டான். எனக்குத்தான் அன்று பூராவும் வேலை ஓடவில்லை. அவன்மேல் கோபமில்லை. ஆங்கிலப் பத்திரிகைகள் திரும்பத் திரும்ப எழுதியதைத்தானே அவனும் ஒப்பித்தான். கோபமெல்லாம் அந்தக் கதைமேல்தான்.

ஜானி லீவரை நம் ஊரில் 'பாஸிகர்' படத்தில் வருகிற மறதிக்கார வேலைக்காரனாகத் தெரியும், அவ்வளவுதான். அவர் சினிமாவுக்கு வருவதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதுதான் இங்கே விஷயம். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கொள்ளுங்கள்.

1957ல் ஆந்திராவின் கனிகிரியில் பிறந்த தெலுங்குக்காரர். ஜான் பிரகாஷ் ராவ் என்பது பெயர். வளர்ந்தது தாராவி. வீட்டில் காசில்லாததால் படிப்பு ஏழாம் வகுப்போடு நின்றது. தெருவில் பேனா விற்றார். சும்மா விற்கவில்லை, இந்தி நடிகர்கள் மாதிரிப் பேசி, ஆடிக்காட்டி விற்றார். யோசித்துப் பாருங்கள். அவர் பேச்சைக் கேட்க யாரும் டிக்கெட் வாங்கிக்கொண்டு வரவில்லை. எல்லோரும் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள். ஓடுகிறவனை நிறுத்த வேண்டும், சிரிக்க வைக்க வேண்டும், கை சட்டைப்பைக்குப் போக வேண்டும். இன்றைக்கு 'ஓபன் மைக்' என்ற பெயரில் காபிக்கடையில் இருபது பேர் முன்னால் பேசுகிறார்களே, அதில் பாதிப்பேர் தங்கள் முறைக்குக் காத்திருக்கும் காமெடியன்கள். இரண்டில் எது கஷ்டமான பள்ளிக்கூடம்?

பிறகு அப்பா வேலை பார்த்த இந்துஸ்தான் லீவரிலேயே மகனும் தொழிலாளியாகச் சேர்ந்தார். ஒரு கம்பெனி விழா. மேடையேறிய பையன் அமிதாப்பையோ தர்மேந்திராவையோ செய்திருந்தால் கைதட்டிவிட்டுப் போயிருப்பார்கள். இவர் செய்தது அந்தக் கம்பெனியின் மேலதிகாரிகளை. கூட்டம் அன்றைக்கு வைத்த பெயர்தான் ஜானி லீவர்.

இதை 'வெறும் மிமிக்ரி' என்று ஒதுக்குகிறார்கள். ஸ்டாண்ட்-அப்புக்கு இலக்கணம் என்று அவர்களே சொல்வது என்ன? சொந்தச் சரக்காக இருக்க வேண்டும், சொந்தப் பார்வை இருக்க வேண்டும், சொல்லக்கூடாததைச் சொல்ல வேண்டும். தொழிற்சாலை அதிகாரியின் நடையும் பேச்சும் எந்தக் கேசட்டில் கிடைக்கும்? பக்கத்தில் நின்று, திட்டு வாங்கிப் பார்த்தவனுக்குத்தான் அது வரும். மறுநாள் காலையில் ஷிப்டுக்கு வந்து அதே அதிகாரி முன்னால் நிற்க வேண்டியவன் அதைச் செய்தான். இதைவிடச் சொந்தப் பார்வை வேறென்ன வேண்டும்?

எங்கள் அலுவலக ஆண்டு விழாவுக்கு இரண்டு வருஷம் முன்பு ஒரு காமெடியனைக் கூப்பிட்டார்கள். ஏற்பாட்டுக் குழுவில் நானும் இருந்தேன். மனிதவளத் துறையிலிருந்து அவருக்கு ஒரு பட்டியல் போனது. அரசியல் வேண்டாம், மதம் வேண்டாம், கிளையன்ட் வேண்டாம், அப்ரைசல் வேண்டாம், மேனேஜ்மென்ட் வேண்டவே வேண்டாம். பாவம், அவர் நாற்பது நிமிஷம் மும்பை டிராபிக்கையும் மனைவியையும் வைத்தே ஓட்டினார். முன்வரிசையில் டைரக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். பின்வரிசையில் நாங்கள் செல்போன் பார்த்தோம். கம்பெனி விழாவில்தான் இந்தக் கலைக்குப் பெயர் வைத்தார்கள், கம்பெனி விழாவிலேயே அதன் நாக்கையும் அறுத்தாகிவிட்டது.

இன்றைய பிள்ளைகள் பயந்தாங்கொள்ளிகள் என்று சொல்லவில்லை. முனாவர் ஃபாரூக்கி 2021 ஜனவரி 1 அன்று இந்தூரில் கைதாகி, ஒரு மாதத்துக்கும் மேல் உள்ளே இருந்தார். குணால் காம்ரா ஏக்நாத் ஷிண்டேயைக் கிண்டலடித்ததற்காக 2025 மார்ச்சில் கார் பகுதியிலிருந்த ஹாபிடாட் அரங்கத்தை அடித்து நொறுக்கினார்கள். அந்தத் தைரியத்துக்கு என் சலாம். ஆனால் அதற்கு மூதாதை யாரென்று கேட்டால் ஏன் லண்டன், நியூயார்க் என்று கை காட்டுகிறார்கள்? லண்டன் காமெடி ஸ்டோர் திறந்ததே 1979ல். அப்போது நம்மாள் பகலில் தொழிற்சாலை, மற்ற நேரம் ஆர்கெஸ்ட்ரா மேடை என்று இரட்டை ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தார். மேடைக்காக லீவு போட்டுப் போட்டு, 1981ல் வேலையையே விட்டார். (லீவு போட்டதால்தான் லீவர் என்று நினைத்திருந்தேன் சின்ன வயதில் :-))

ஆர்கெஸ்ட்ரா மேடை பற்றி ஒரு வார்த்தை. நம் ஊர்க் கோயில் கொடைகளில் பார்த்திருப்பீர்களே, அதேதான். கூட்டம் பாட்டுக்காக வந்திருக்கும். பாடகர் தண்ணீர் குடித்து வருவதற்குள் ஒருவன் வந்து சிரிக்க வைக்க வேண்டும். அந்த இடைவெளியில் நின்றே கல்யாண்ஜி-ஆனந்த்ஜி குழுவரைக்கும் போனார். 1982ல் அமிதாப் குழுவோடு உலகச் சுற்றுப்பயணம். 'ஹஸி கே ஹங்காமே' என்று கேசட் போட்டார், வீடுகளுக்குள்ளும் அவர் குரல் போனது. ஆமை மார்க் கொசுவத்தி விளம்பரத்தில்கூட நடித்தார். சேகர் கபூர் எடுத்தது.

லோயர் பரேல் காமெடி ஸ்டோர் இருந்த இடம் எது தெரியுமா? பலேடியம் மால். அதற்குமுன் அந்த வளாகம் பீனிக்ஸ் மில். 1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் இரண்டரை லட்சம் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து தோற்றுப்போன வட்டாரம் அது. மராத்தி மேடையில் அமைச்சர்களைக் கிழித்து நாறடித்த தாதா கோண்ட்கேயும் பக்கத்து நாய்காவில் மில் தொழிலாளி குடும்பத்தில் பிறந்தவர்தான். சிரிக்கவும் சிரிக்கவைக்கவும் தெரிந்த ஒரு கூட்டத்தையே காலி செய்த இடத்தில், குளிரூட்டிய அரங்கம் கட்டி, லண்டனிலிருந்து ஆட்களை இறக்கி, 'இந்தியாவில் சிரிப்பு இன்று முதல்' என்றால் எரிச்சல் வராதா?

அவரது பழைய சரக்கெல்லாம் தங்கம் என்று நான் சாதிக்கவில்லை. திக்குவாயைக் கிண்டலடிப்பது, 'மதராஸி' இந்தியைக் கிண்டலடிப்பதெல்லாம் அந்தக் கால இந்தி மேடையின் தினப்படி சாப்பாடு. 'படோசன்' படத்தில் மெஹ்மூத் செய்த பிள்ளைவாளை இன்றும் எனக்கு முன்னால் நடித்துக் காட்டும் ஆட்கள் உண்டு. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்திருக்கிறேன். பழுது இருக்கட்டும். பழுது இருப்பதால் ஆளே இல்லை என்றாகிவிடுமா?

நாமும் ஒன்றும் யோக்கியமில்லை. 2005ல் இந்தியில் 'கிரேட் இந்தியன் லாஃப்டர் சேலஞ்ச்' வந்த அதே வருஷம்தான் நம் விஜய் டிவியில் 'கலக்கப் போவது யாரு' வந்தது. சிவகார்த்திகேயன் அங்கே பேசியதை 'மிமிக்ரி' என்றோம். அதையே ஒருவர் ஆங்கிலம் கலந்து, மைக் ஸ்டாண்டைச் சாய்த்துப் பிடித்துப் பேசினால் ஸ்டாண்ட்-அப் என்கிறோம்.

இந்த வருஷ ஆண்டு விழாவுக்கு யாரைக் கூப்பிடலாம் என்று நேற்று மெயில் வந்திருக்கிறது. "வெளியாள் வேண்டாம். நம் ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி ஆட்களில் டைரக்டர் மாதிரிப் பேச வருகிறவர் யாராவது இருக்கிறார்களா என்று விசாரியுங்கள்" என்று பதில் போட்டேன். கோயம்புத்தூர்ப் பையனுக்கும் சிசி வைத்திருக்கிறேன்.