பித்தர் யார், குடிகாரர் யார்?

மலேசியத் தமிழ் நாளேடுகளில் ‘போதைப்பித்தர்’ என்றொரு சொல் புழங்குகிறது. ஹெராயினோ, சியாபு எனப்படும் மெத்தம்பெட்டமைனோ எடுப்பவர் பித்தர். அப்படியானால் சம்சு என்னும் மலிவு மதுவைக் குடிப்பவர்? அவர் வெறும் குடிகாரர்.

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் இருவரை எண்ணிப் பார்க்கலாம். ஒருவர் சியாபுவிலும் மற்றவர் சம்சுவிலும் சிக்கியவர். முதலாமவருக்கென்றே 1983-இல் ஒரு சட்டம் வந்தது. அரசு மருத்துவர் சான்றளித்தால், மாஜிஸ்திரேட் அவரை ஈராண்டு மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பலாம் என்றது அது. அதன்பின் ஈராண்டு கண்காணிப்பு. 2024-இல் அது திருத்தப்பட்டது. ஆனால் 1983-இல் அது பேசியது அபாயகர போதைப்பொருள் சட்டப் பட்டியலில் உள்ளவற்றை மட்டுமே. சம்சு அந்தப் பட்டியலில் கிடையாது.

மனநலச் சட்டமாவது இரண்டாமவரைச் சேர்த்துக்கொள்கிறதா? 2001-ஆம் ஆண்டுச் சட்டம், மது அல்லது போதைப்பொருள் எடுப்பதை மட்டும் வைத்து ஒருவரை மனநோயாளி எனக் கொள்ளக்கூடாது என்கிறது. நல்ல பாதுகாப்புதான். ‘தஞ்சோங் ரம்புத்தான்’ என்ற ஊர்ப்பெயரே வசைச்சொல்லாகிவிட்ட நாட்டில் அது தேவையும்கூட. 1911-இல் திறக்கப்பட்ட மனநல மருத்துவமனை அங்கேதான் இருக்கிறது.

மருத்துவமும் ஒரு காலத்தில் வேறு விதமாகத் தடுமாறியது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 1952 கையேடு போதை அடிமைத்தனத்தையும் குடி அடிமைத்தனத்தையும் சமூகத்தோடு ஒத்துப்போகாத ஆளுமைக் கோளாறுகளோடு சேர்த்தது. ஆளே சரியில்லை என்று பொருள்! 1980 பதிப்புதான் தனிப்பிரிவாக்கியது. 2013 பதிப்பில் 11 அறிகுறிகள்: ஓராண்டுக்குள் 2 தென்பட்டாலே கோளாறு, 6 சேர்ந்தால் கடுமை. போலீஸ் வழக்கில் மாட்டுவது அறிகுறி அல்ல என்று நீக்கிவிட்டு, அடக்கமுடியாத ஏக்கத்தைச் சேர்த்தார்கள். சம்சுவுக்கும் சியாபுவுக்கும் அளவுகோல் ஏறக்குறைய ஒன்றே.

குடியும் ஒரு போதைதான் என்பது தோட்டத்தாருக்குத் தெரியாததல்ல. கெடா ஹார்வர்ட் தோட்டத்தில் 1947-இல் தோட்டத் தொழிலாளர்களின் தொண்டர் படையினர் கள்ளுக்கடையை மறித்தது குடியின் சேதத்தைக் கண்ணால் பார்த்ததால்தான். ஆனால் கடையை மூடினால் குடித்தவர் உடல் குணமாகிவிடாது. சம்சுவைப் பித்தாகவே எண்ணாத நமக்கு, அதை நிறுத்துவதிலுள்ள ஆபத்தும் தெரிவதில்லை. பல ஆண்டு தினமும் குடித்தவர் சட்டென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரும் போகலாம். சியாபுவை விடும்போது சோர்வும் மனச்சோர்வும் வாட்டும், வலிப்பு அரிது.

வீட்டில் அப்படிப் பல ஆண்டு குடித்த ஒருவர் “இன்றோடு விட்டேன்” என்றால், பாராட்டிய கையோடு அவரை முதலில் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள்.