சீமைப் படிப்புக்கு யார் பணம்?

அயல்நாடு சென்று படித்துப் பட்டம் பெற்று வருவதென்பது இன்று பட்டணங்களில் மாத்திரமல்லாமல் நமது கிராமங்களிலும் ஒரு பெரிய ஆசையாகப் பரவி இருக்கின்றது. இந்த ஆசையை நாம் குற்றம் சொல்ல வரவில்லை. கடல் தாண்டினால் சாதி கெட்டுவிடும் என்று சொல்லி மக்களைக் கிணற்றுத் தவளைகளாக வைத்திருந்த நாட்டில், ஒரு குடியானவன் மகனும் ஒரு நெசவாளி மகளும் லண்டனுக்கும் பெர்லினுக்கும் போக நினைப்பது சந்தோஷப்பட வேண்டிய காரியமேயாகும். ஆனால் அந்தப் படிப்புக்குப் பணம் எங்கிருந்து வருகின்றது, எவ்வளவு வேண்டும், யார் தலையில் விழுகின்றது என்கின்ற கணக்கைப் பார்க்காமல் புறப்படுவதைப் பற்றியே இன்று எழுதுகின்றோம்.

முதலில் சாதிக்காரர்கள் யோக்கியதையைப் பார்ப்போம். 1888-ம் வருஷத்தில் காந்தியார் பாரிஸ்டர் படிப்புக்குச் சீமைக்குப் புறப்பட்டபோது, அவரது சாதித் தலைவர்கள் கூட்டம் போட்டுச் சாதியை விட்டுத் தள்ளினார்கள். அவருக்கு உதவி செய்பவர்களுக்கும் ஒன்றேகால் ரூபாய் அபராதம் என்றார்கள். படிப்புக்கு உதவ அந்தச் சாதியின் கையிலிருந்து ஒரு காசாவது வந்ததா? இல்லை. செலவுக்குப் பணம் தேடிக் கொடுத்தவர் அவருடைய தமையனார். லண்டனில் ஒவ்வொரு காசுக்கும் கணக்கு எழுதி, வண்டிச் சத்தத்தை மீத்து நடந்து, சிறிய அறைக்கு மாறி, தாமே சமைத்துத்தான் அவர் காலந்தள்ளினார். தடுப்பதற்குச் சாதி, கொடுப்பதற்கு வீட்டார் என்பதே அன்றைய நிலைமை.

அப்படியானால் தமையனாரிடமும் பணம் இல்லாதவன் கதி என்ன? அதற்கு டாக்டர் அம்பேத்கர் அவர்களின் வரலாறே பதில் சொல்லும். 1913-ல் பரோடா சமஸ்தானம் மாதம் பதினொன்றரை பவுன் வீதம் மூன்று வருஷத்துக்கு உபகாரச் சம்பளம் கொடுத்ததால்தான் அவர் அமெரிக்காவில் கொலம்பியா சர்வகலாசாலையில் படிக்க முடிந்தது. பிறகு லண்டனில் படித்துக்கொண்டிருக்கும்போதே, 1917-ல், அந்த உதவிக் காலம் முடிந்துவிட்டது. படிப்பைப் பாதியில் விட்டு ஊர் திரும்பினார். உத்தியோகம் பார்த்துக் காசு சேர்த்து, கோலாப்பூர் சாஹு மகாராஜா உதவியையும் ஒரு நண்பரிடம் வாங்கிய கடனையும் கொண்டு 1920-ல் மறுபடியும் போய், 1923-ல்தான் டாக்டர் பட்டத்தை முடித்தார். அவ்வளவு பெரிய அறிவும் பணம் நின்ற இடத்தில் நின்றே தீரவேண்டியிருந்தது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

நிற்க, இன்றைய கணக்குக்கு வருவோம். “ஜெர்மனியில் படிப்பு இலவசம்” என்று தரகர்கள் சொல்லுகின்றார்கள். அங்குள்ள சர்க்கார் சர்வகலாசாலைகள் பெரும்பாலானவற்றில் படிப்புச் சம்பளம் இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் பாடன்-வூர்ட்டம்பர்க் மாகாணத்தில் ஐரோப்பியரல்லாத மாணவர்களுக்கு 2017 முதல் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகின்றார்கள். நார்வே நாடும் 2023 முதல் அப்படிப்பட்டவர்களிடம் சம்பளம் வாங்க ஆரம்பித்துவிட்டது. சம்பளமே இல்லாவிட்டாலும் சாப்பாடும் வாடகையும் இலவசமா? ஜெர்மனிக்குப் போகின்ற மாணவன் ஒரு வருஷ ஜீவனத்துக்கென்று ஒரு கணக்கில் முன்கூட்டியே பணம் கட்டிக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அந்தத் தொகை 11,904 யூரோ ஆக்கப்பட்டது. யூரோ ஒன்றுக்கு 100 ரூபாய் என்று வைத்தாலும் ஏறக்குறைய 12 லட்சம் ரூபாயாகின்றது. அது அவன் பணந்தான். மாதம் 992 யூரோவாக அவனுக்கே திரும்பி வரும். ஆனால் புறப்படுவதற்கு முன் அது கையில் இருந்தாக வேண்டுமே!

“போன இடத்தில் வேலை செய்து சமாளித்துக்கொள்ளலாம்” என்பது அடுத்த பசப்பு. இங்கிலாந்தில் பட்டப் படிப்பு மாணவன் பாடம் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யச் சட்டம் இடங்கொடுக்கவில்லை. ஜெர்மனியில் வருஷத்துக்கு 140 முழு நாள்தான். இந்தக் கூலி கைச்செலவுக்கு உதவலாமே ஒழிய, சம்பளத்தையும் வாடகையையும் சேர்த்துக் கட்ட உதவாது. அனுமதிக்கு மேல் திருட்டுத்தனமாய் வேலை செய்து பிடிபட்டால் படிப்பும் போய்க் கடன் மாத்திரம் மிஞ்சும்.

கடனின் கணக்கையும் போட்டுப் பாருங்கள். 30 லட்சம் ரூபாய், நூற்றுக்கு 11 வட்டி. படிப்பு இரண்டு வருஷம், அதற்குப்பின் தவணை ஒரு வருஷம். வட்டிக்கு வட்டி போடாவிட்டாலும் மூன்று வருஷ வட்டி 9 லட்சத்து 90 ஆயிரம். முதல் தவணை கட்டும் முன்னமே கடன் 40 லட்சத்தைத் தொட்டு நிற்கின்றது. அதோடு, பேர் பெற்ற சர்வகலாசாலைகளுக்குச் சில பாங்குகள் விலக்குக் கொடுத்தபோதிலும், ஏழரை லட்சத்துக்கு மேற்பட்ட கடனுக்குச் சொத்து ஈடு கேட்பதே பொது வழக்கம். வீடுள்ளவன் வீட்டை வைத்துக் கடன் வாங்குகின்றான். தலைமுறை தலைமுறையாய் வீடும் நிலமும் இல்லாமல் வைக்கப்பட்டவன் எதை வைப்பான்?

இந்தக் கணக்குகளைப் பார்க்க வேண்டிய நேரத்தில் நம் மக்கள் எங்கே போகின்றார்கள்? ஐதராபாத்துக்குப் பக்கத்தில் சில்கூரில் ஒரு “விசா பாலாஜி” இருக்கின்றாராம். வேண்டிக்கொள்ள 11 சுற்று, கிடைத்தபின் 108 சுற்று. சென்னையில் ஒரு “விசா கணபதி”யும் உண்டு. எத்தனை சுற்றுச் சுற்றினாய் என்று எந்த நாட்டு அதிகாரியாவது விண்ணப்பத்தில் கேட்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை. பணம் 28 நாள் தொடர்ந்து உன் கணக்கில் இருந்ததா என்றுதான் இங்கிலாந்துச் சர்க்கார் கேட்கின்றது. கேட்பதற்குப் பதில் வைத்திருப்பவனுக்குச் சுற்றும் தேவையில்லை. இல்லாதவனுக்குச் சுற்றிப் பயனுமில்லை.

இதைவிட வெட்கக்கேடான வழி ஒன்று உண்டு. அது மாமனார் வீட்டுப் பணத்தில் மகனைச் சீமைக்கு அனுப்புவது. 1961-லேயே சட்டம் தடுத்துவிட்ட வரதட்சிணைக்குப் “படிப்புச் செலவு” என்று பெயர் மாற்றிவிட்டால் யோக்கியமாகிவிடுமா? பெண்ணைப் பெற்றவர்களுக்கு நாம் சொல்லுவதெல்லாம், அந்தப் பணத்தை உங்கள் பெண்ணின் படிப்புக்கே செலவிடுங்கள் என்பதுதான். அவள் படித்தது அவளிடமே இருக்கும்.

சர்க்கார் உதவியும் இல்லாமலில்லை. மத்திய சர்க்காரின் அயல்நாட்டு உபகாரச் சம்பளத் திட்டம் 1954-55 முதல் இருக்கின்றது. தாழ்த்தப்பட்டோர், நாடோடி வகுப்பார், நிலமற்ற விவசாயக் கூலிகள், பரம்பரைக் கைத்தொழிலாளர் ஆகிய அனைவருக்குமாக வருஷத்துக்கு 125 இடங்கள். இத்தனை கோடி மக்களுக்கு இது யானைப் பசிக்குச் சோளப்பொரி. அதிலும் 2025 ஜூலையில், தேர்ந்தெடுக்கப்பட்ட 106 பேரில் 40 பேருக்கு மாத்திரம் முதலில் கடிதம் அனுப்பி, மற்றவர்களுக்குப் பணம் இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். 1917-ல் அம்பேத்கருக்கு நேர்ந்ததை நூறு வருஷம் கழித்தும் மாணவர்கள் அனுபவிக்க வேண்டுமா என்று கேட்கின்றோம். தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கென்று அம்பேத்கர் பெயரால் இருக்கும் திட்டத்தையாவது தகுதியுள்ளவர்கள் கேட்டுப் பெற வேண்டும். நமது ஊர்ப் படிப்பகங்கள் இவற்றின் விதிகளையும் கெடுவையும் எழுதி வாசலில் ஒட்ட வேண்டும்.

ஆகவே, போக நினைக்கும் இளைஞர்கள் ஒரு காகிதத்தை எடுத்து, சம்பளம், வாடகை, சாப்பாடு, பிரயாணம், வட்டி எல்லாவற்றையும் எழுதிக் கூட்டிப் பார்க்கட்டும். தரகன் சொன்னதை அவன் வாயால் கேட்டதோடு விடாமல் அந்தச் சர்வகலாசாலையையே எழுதிக் கேட்கட்டும். தாயாருக்கும் தகப்பனாருக்கும் அந்தக் காகிதத்தைப் படித்துக் காட்டிய பிறகே ஈட்டுப் பத்திரத்தில் அவர்களிடம் கையெழுத்து வாங்கட்டும். சர்க்காரோ, அறிவுள்ள ஒரு பிள்ளையாவது பணமில்லாத காரணத்தால் நின்றுபோகாதபடி இடங்களைப் பெருக்கி, ஒப்புக்கொண்ட பணத்தைக் காலத்தில் கொடுக்கட்டும். இதைக் கேட்பது பிச்சையல்ல. பொதுப் பணம் பொது மக்களுடையது.