குஞ்சின் தீன்பை

கோழிக்குஞ்சின் கழுத்தடியில், நெஞ்சுக்குச் சற்று மேலே வலப்புறமாக, மாலை வேளையில் ஒரு புடைப்புத் தோன்றும். புதிதாகக் குஞ்சு வளர்க்கப் புகுந்தோர் இதனைக் கட்டியென்றோ வீக்கமென்றோ கருதி அஞ்சுவதுண்டு. மாணவ நேயர் ஒருவர் எமக்கு எழுதிய கடிதத்திலும் இவ்வச்சமே காணப்பட்டது. தம்மிடமுள்ள பத்து நாட் குஞ்சுகள் ஆறில் நான்குக்கு இவ்வீக்கம் இருப்பதாகவும், வீட்டிலுள்ள பெரியவர்கள் நல்லெண்ணெய் பருக்கும்படி சொல்வதாகவும் எழுதி, பருக்கலாமா என்று வினவியிருந்தார். பருக்க வேண்டாம் என்பதே எமது மறுமொழி. ஐயத்துக்குரியவை அந்த நான்கும் அல்ல. வீக்கமில்லாத மற்றை இரண்டையுமே அவர் முதலிற் கையிலெடுத்துப் பார்க்கவேண்டும்.

அப்புடைப்புத்தான் தீன்பை. கோழிக்குப் பல் இல்லை. கொத்திய இரையை மென்று விழுங்க இயலாமையால், அதனைச் சேமித்து ஊறவைத்துச் சிறிது சிறிதாகக் கீழே விடுவதற்கென உணவுக்குழாயே ஓரிடத்திற் பையாக விரிந்திருக்கின்றது. அங்கிருந்து இரையானது சமிபாட்டு நீர் சுரக்கும் சிறிய இரைப்பைக்குச் சென்று, பின்னர் தடித்த தசைச்சுவருடைய அரைப்பையிலே அரைபடுகின்றது. பகைக்கு அஞ்சி வாழும் காட்டுக்கோழிக்கு இஃது எத்துணை வசதி! வெளியில் விரைந்து கொத்திக்கொண்டு, மறைவிடத்துக்குப் போய் ஆறுதலாகச் சமிபாடு செய்யலாம். புறாவோ இன்னும் ஒருபடி மேலே சென்று, அப்பையின் உட்சுவரிலிருந்தே தயிர் போன்றதொரு பாலைச் சுரந்து தன் குஞ்சுக்கு ஊட்டுகின்றது. கோழிக்குஞ்சுக்கு அந்தப் பேறு இல்லை. அது முதல் நாள் தொடக்கம் தானாகவே கொத்தித் தின்னவேண்டும். தொல்லைகளிற் பல இங்கேதான் தொடங்குகின்றன.

அடைவைத்த முட்டை 21ஆம் நாளிற் பொரிக்கின்றது. பொரிப்பதற்குச் சற்று முன்னதாக, எஞ்சிய மஞ்சட்கரு குஞ்சின் வயிற்றுக்குள் இழுக்கப்பட்டுவிடும். அதனைக்கொண்டு இரண்டு மூன்று நாள் தீனும் நீருமின்றிக் குஞ்சு உயிர் வாழும். ஒருநாட் குஞ்சுகளைப் பெட்டியில் அடைத்துத் தூர இடங்களுக்கு அனுப்ப முடிவது இதனாலேயே. ஆனால், இதை நம்பித் தீன் வைக்கத் தாமதிப்பது தவறு. விரைவில் தீன் உண்ட குஞ்சிலேயே குடல் நன்கு வளரும். மஞ்சட்கருவும் நன்கு பயன்படும்.

தாய்க்கோழியோடு திரியும் குஞ்சைப்பற்றி நாம் பெரிதும் கவலைப்பட வேண்டியதில்லை. தாய் 'கொக், கொக்' என்று அழைத்து, ஒரு குறுணியைக் கொத்திக் கீழே போட்டு, மீண்டும் கொத்திக் காட்டிப் பாடஞ் சொல்லிக் கொடுத்துவிடுகின்றது. அப்பாடத்தைப் பார்க்கையில் எம்போன்ற ஆசிரியர்க்கும் சற்றுப் பொறாமை உண்டாகும். இயந்திரத்திற் பொரித்த குஞ்சுக்கோ ஆசிரியர் இல்லை. ஆதலால், கூட்டின் தரையிலே தாளை விரித்துத் தீனைத் தூவி, விரல் நுனியாலே தட்டிக் காட்டவேண்டும். ஒவ்வொரு குஞ்சின் அலகையும் ஒருமுறை நீரிலே தோய்த்துவிடவேண்டும். விரிப்பதற்கு இப்பத்திரிகையின் பழைய இதழ்களே போதும். அதில் எமக்கு மனக்குறை இல்லை. பளபளப்பான வழுக்குத் தாள் மட்டும் ஆகாது. அதன்மேல் நிற்கும் குஞ்சுக்குக் கால் அகன்று கோணிவிடும்.

குளிரும் தீன்பையை வெறுமையாக்கும். முதல் வாரத்தில் குஞ்சின் அருகே வெப்பம் 95 பாகை பரனைற்று, அஃதாவது 35 பாகை செல்சியசு அளவில் இருத்தல் வேண்டும். பின்னர் வாரத்துக்கு 5 பாகை பரனைற்று வீதம் குறைக்கலாம். குளிர்ந்த குஞ்சு மின்குமிழின் கீழ் நெருங்கி ஒடுங்குமேயன்றித் தீன்பாத்திரத்தை நாடாது. எனவே குஞ்சு வந்த முதல் இரவிலேயே சிலவற்றைக் கையிலெடுத்துப் பையைத் தடவிப் பாருங்கள். கஞ்சிபோல மெத்தென்று நிறைந்திருப்பின் தீனும் நீரும் இரண்டும் கிடைத்துள்ளன. தீனின் பரல் விரலுக்குத் தட்டுப்படும்படி இறுகியிருப்பின் நீர் போதவில்லை. நீர் நிறைந்த பலூன்போலத் தளும்பினால் குஞ்சு குடித்திருக்கிறதேயன்றித் தின்னவில்லை. ஒன்றுமில்லையெனின், அக்குஞ்சைப் பிரித்தெடுத்து வெதுவெதுப்பில் வைத்து ஊட்டவேண்டும். வந்து ஒரு நாள் ஆவதற்குள் ஏறத்தாழ எல்லாக் குஞ்சுகளின் பையும் நிறைந்திருத்தல் முறை. எத்தனை குஞ்சு தேறும் என்பதை அம்முதல் நாளே பெரும்பாலும் தீர்த்துவிடுகின்றது.

இனி, பை நிறைந்து வடியாமல் நிற்கும் தொல்லையைப் பார்ப்போம். தாயின் சிறகுக்குள் உறங்கிய குஞ்சின் பை, விடியற்காலையில், தீன் வைக்குமுன் சுருங்கியிருத்தல் வேண்டும். இரவு முழுவதும் விளக்கு எரியும் கூட்டில் இச்சோதனை பொய்க்கும். அங்கே குஞ்சுகள் இரவிலும் கொத்தும். அத்தகைய இடத்திலே, ஐயத்துக்குரிய குஞ்சை மூன்று நான்கு மணி நேரம் தீனின்றி வெதுவெதுப்பான பெட்டியில் வைத்துப் பாருங்கள். பை சிறுத்துவிட்டால் நோயில்லை. சிறுக்காமல் பிசைந்த மாவுபோலக் கெட்டியாக நின்றால் அடைபட்டிருக்கின்றது எனக் கொள்ளலாம்.

அடைப்பதற்குக் காரணம் பெரும்பாலும் நாமே கீழே பரப்பும் பொருள்தான். மரத்தூள், தும்பு, நறுக்காத வைக்கோல், சாக்கிலிருந்து பிரிந்த நூல் ஆகியவற்றைத் தீனென்று எண்ணிக் குஞ்சு விழுங்கிவிடும். தும்பும் நூலும் உள்ளே திரண்டு முறுகிக்கொள்ளும். தீன்பாத்திரம் நெடுநேரம் வெறுமையாகக் கிடந்தால், பசித்த குஞ்சு காலடியில் உள்ளதைக் கொத்தத்தானே செய்யும்? தீன் எது, தரை எது என்று தெரியும்வரை முதற் சில நாட்களுக்கு உமியின்மேல் தாளையோ சாக்கையோ மூடிவிடுங்கள். நூல் பிரியும் சாக்கு வேண்டாம். கீரை கொடுப்பதாயின் மிகப் பொடியாக நறுக்கிக் கொடுத்து, அரைப்பைக்குத் துணையாகச் சிறிது பருமணலும் வையுங்கள். அரைத்த குஞ்சுத்தீன் மட்டுமே உண்பவற்றுக்கு மணல் தேவையில்லை. அரிசிக் குறுணி ஊறிப் பையை வெடிக்கச் செய்யும் என்பார் சிலர். அது வீண் அச்சம். குறுணியின் குறை வேறு: குஞ்சுத்தீனில் நூற்றுக்கு 20 பங்கு அளவில் இருக்கவேண்டிய புரதம் அதில் இல்லை.

அடைபட்ட குஞ்சுக்குச் சில மணி நேரம் தீனை நிறுத்தி, இளஞ்சூடான நீரை அலகின் ஓரத்தில் துளித்துளியாக விட்டு, விரல் நுனியால் பையை மெல்லப் பிசைந்து விடலாம். ஒரு தடவைக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும். பகலில் நாலைந்து முறை செய்யலாம். எண்ணெயை வாய் நிறைய ஊற்றுவதை நாம் ஏன் மறுக்கின்றோம் எனில், கோழியின் மூச்சுக்குழல் வாய் நாக்கின் அடியிலேயே திறந்திருக்கின்றது. ஊற்றிய எண்ணெய் சுவாசப்பைக்குள் இறங்கினால் அடைப்பினாற் சாகாத குஞ்சு எண்ணெயினாற் சாகும். குஞ்சைத் தலைகீழாகப் பிடித்துக் கக்கவைப்பதும் இவ்வாறே கேடு. பிளேட்டினாற் பையைக் கீறித் தைத்த கதைகளையும் கேட்டிருக்கின்றோம். அது கால்நடை வைத்தியரின் வேலை. மறுநாளும் பை இளகாவிடின் அவரிடம் கொண்டுசெல்லுங்கள்.

பை கெட்டியாக இராமல் நீர்ப்பைபோலத் தொய்ந்து, அலகைத் திறந்தால் புளித்த நாற்றம் வீசுமாயின், அது வேறு நோய். கன்டிடா என்னும் மதுவ இனம் உள்ளே பெருகியுள்ளது. வாயினுள் வெண்படலமும் காணப்படலாம். அப்படி இறந்த குஞ்சின் பையைத் திறந்து பார்த்தால், உட்சுவர் தடித்துத் துவாயைப்போலச் சொரசொரப்பாக இருக்கும். முதல்நாள் பிசைந்து வைத்த தவிடும் சோறும், வழுவழுப்பேறிய நீர்ப்பாத்திரமும் இதற்கு வழிதிறக்கும். எம் நாட்டு வெப்பத்தில் ஈரத்தீன் சில மணி நேரத்திலேயே புளித்துவிடுகின்றது. இன்னொரு காரணம், தும்மியதற்கும் தூங்கியதற்கும் நீரிலே நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் கலந்து நாட்கணக்காகக் கொடுப்பது. அம்மருந்து பற்றீரியாக்களைக் கொல்லும், மதுவத்தைத் தொடாது. போட்டியின்றி அது பெருகும். ஆகவே புளித்த பைக்கு மேலும் அதே மருந்தைக் கொடுப்பது எரியும் நெருப்பில் எண்ணெய் வார்ப்பதாகும். இதற்குரிய பங்கசு மருந்தை வைத்தியரே அளவறிந்து தரவேண்டும்.

பை வீங்கினாலும் குற்றம் பையில் இல்லாத நோய்களும் உண்டு. 1907இல் ஹங்கேரி நாட்டு யோசெப் மாரெக் விவரித்த நோய் நரம்புகளைத் தாக்கும். பைக்குச் செல்லும் நரம்பு செயலிழந்தால் பை தளர்ந்து தொங்கும். இதற்கு மருந்தில்லை, பொரித்த அன்றே இடும் தடுப்பூசிதான் உண்டு. குஞ்சு வாங்கும்போதே, ஊசி இட்டதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 1926இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரருகே கண்டறியப்பட்டதும், இந்தியாவில் ராணிக்கெட் எனப் பெயர்பெற்றதுமான கொள்ளைநோயிலும் பையில் நீர் நிறைந்து வாயால் வடியும். அத்துடன் பச்சை நிறக் கழிச்சலும் மூச்சுத் திணறலும் சேர்ந்து, ஒரே நாளிற் பல குஞ்சுகள் சாய்ந்தால், பையைப் பிசைந்துகொண்டு நில்லாதீர்கள். எஞ்சியவற்றை அயல்வீட்டுக் கோழிகளுடன் கலக்கவிடாது அடைத்து, இறந்தவற்றுள் ஒன்றைத் தாளிற் சுற்றிப் பையில் இறுகக் கட்டி, அன்றே அரசாங்கக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டுசெல்லுங்கள். மற்றவற்றை நாய் தோண்டாத ஆழத்திற் புதைத்துவிடுங்கள்.